முதலில் மனை விற்பனை, 60 வருஷம் கழித்து சாக்கடை

மெல்போர்ன் சந்து என்றால் காபிக் கடையையும் சுவர் ஓவியத்தையும்தான் படம் பிடித்துப் போடுகிறோம். பிட்ஸ்ராய், கார்ல்டன் பக்கம் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கருங்கல் சந்துகளில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பின்சுவரில் தரையை ஒட்டி அடைத்துவிட்ட சின்னச் சதுரம் சில இடங்களில் இன்னும் தெரியும். எடுப்புக் கக்கூஸ் வாளியை வெளியே இழுக்க வைத்த கதவு அது. ராத்திரி வண்டி வந்து போகத்தான் அந்தச் சந்து.

1837-ல் அரசு சர்வேயர் ராபர்ட் ஹாடில் ஊருக்கு நூல் பிடித்த மாதிரி கட்டம் போட்டார்: பெரிய தெரு 99 அடி, சின்னத் தெரு 33 அடி. நகரத் திட்டமிடலுக்கு இதை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது வெறும் மனைப்பிரிவு. அதே வருஷம் ஜூன் 1-ல் ஏலமே நடந்துவிட்டது. (அந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்களோடு, நிலம் தேடி வந்த ஆங்கிலேயக் குடியேறி பேட்மன் போட்ட ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசுடையது என்று ஆளுநர் பர்க் 1835-லேயே சொல்லிவிட்டார். விற்றதும் அதே அரசுதான்.) நிலத்தின் வாட்டத்தை யார் பார்த்தார்கள்? ஓடைப் பள்ளத்தின் மேலேயே எலிசபெத் தெருவைப் போட்டார்கள். 1972-ல்கூட மழை வெள்ளத்தில் அது ஆறாக ஓடியது.

1851-ல் தங்கம் கிடைத்தது. பத்தே வருஷத்தில் ஜனத்தொகை நாலு மடங்கைத் தாண்டியது. 1857-ல் யான் யீன் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. வினையே அங்கேதான். உள்ளே வரும் தண்ணீருக்குக் குழாய் போட்டவர்கள், வெளியே போவதற்குப் போடவில்லை. குளித்த தண்ணீர், அடுப்படித் தண்ணீர், மூத்திரம் எல்லாம் தெருவோர வாய்க்கால் வழியாக யாரா ஆற்றுக்குப் போயின. வாளி அள்ளிய ஒப்பந்தக்காரர்கள் சிலர் தூரம் போகாமல் வழியிலேயே கொட்டினார்கள். டைபாய்டு வராமல் என்ன செய்யும்?

காசில்லை என்பது சாக்கு. 1880-களில் அங்கே பணம் கொழித்தது. ஆனால் ஊர் முழுக்கக் குட்டி நகராட்சிகள். மேட்டு ஊரின் கழிவு பள்ளத்து ஊருக்குப் போகும், செலவை எவர் ஏற்பது? 1891-ல் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாரியம், வரி போடும் அதிகாரத்தோடு வந்த பிறகுதான் மண்வெட்டி இறங்கியது.

வேலை நுட்பமானது. சாக்கடைக் குழாய் தானாக ஓட வாட்டம் வேண்டும். தூரம் கூடக்கூட ஆழம் கூடும். அதனால் எல்லாவற்றையும் ஸ்பாட்ஸ்வுட்டில் ஆழத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து நீராவி பம்பு புரூக்லின் மேட்டுக்கு ஏற்றியது. பிறகு வாட்டத்திலேயே வெரிபி பண்ணைக்கு. அங்கே கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சிப் புல் வளர்த்து மாடு மேய்த்தார்கள். யாரா ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டியபோது, 1895-ல், தண்ணீர் புகுந்து ஆறு பேர் இறந்தார்கள்.

1897-ல் முதல் இணைப்புகள் வந்தன. அதற்கப்புறமாவது புத்தி வந்ததா? புதுப் புறநகர்களிலும் முதலில் மனை, பிறகுதான் குழாய். ஆஸ்திரேலிய நகரங்களுக்குச் சாக்கடை போடுவேன் என்று 1972 தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் விட்லம் வாக்குறுதி கொடுக்க வேண்டியிருந்தது.