ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர்

பழைய வேனை விற்கிறவர்கள் பாலிஷ் போடுவதில் காட்டும் அக்கறையில் பாதியை ரேடியேட்டரில் காட்டக் கூடாதா? எங்கள் வேனில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. காற்று நேராகப் படாத இடம். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓடிச் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவம்தான் அதற்கு உயிர். முந்தைய உரிமையாளரோ ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். உப்புப் படிந்து, துருவேறி, குழாய்கள் அடைத்து, எஞ்சின் கொதித்து, கடைசியில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால், தண்ணீர் கலந்த ஆயில் பால் காப்பி நிறத்தில் வருகிறது!

ஹெட்டைக் கழற்றிச் சமன்படுத்தி, கேஸ்கட் மாற்றி, பெருந்தொகை கொடுத்து வண்டியை எடுத்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மறுபடியும் குழாய்த் தண்ணீர். "எல்லா வண்டிக்கும் இதைத்தான் சார் ஊற்றுகிறோம்" என்கிறார் பட்டறைக்காரர். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும்; பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 106 டிகிரி வரை தாங்கும், துருவும் பிடிக்காது. சில நூறு ரூபாய்ச் செலவு. அதை மிச்சம் பிடித்து இவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

ரோலர் தேய்ந்த சறுக்குக் கதவை இரண்டு கைகளாலும் இழுத்துத் திறக்கிறேன், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேலை தெரிந்தவரே செய்யும் இந்த அலட்சியத்தைப் பொறுக்க முடியவில்லை.