கல்லுமக்காய் ஓட்டில் ஓட்டை: ஊசி போட்டதா?

கல்லுமக்காய் பாறையில் ஒட்டி வளரும் கடல் சிப்பி. "ஓட்டில் சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் மருந்து ஊசி போட்ட கல்லுமக்காய், வாங்காதீர்கள்" என்று கூடலூர், ஊட்டி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அந்த ஓட்டைகளைப் போடுவது கிளியோனா போன்ற துளையிடும் கடற்பஞ்சுகள் என்ற உயிரினங்கள். அவற்றின் செல்கள் அமிலம் சுரந்து சுண்ணாம்பு ஓடை அரித்து, கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாகப் பெயர்த்தெடுக்கும். உடைத்துப் பாருங்கள்: ஓட்டின் குறுக்கே தேன்கூடு போல அறைகள், சிலவற்றில் காய்ந்த மஞ்சள் பசை போல பஞ்சின் மிச்சம். ஊசி போட்டால் இப்படி அறை அறையாக வருமா?

பஞ்சு சதையைத் தின்பதில்லை. ஓடு அதற்குக் குடியிருப்பு மட்டுமே. சாப்பாடு கடல்நீரை வடிகட்டித்தான். துளை உள்பக்கம் எட்டினால் கல்லுமக்காய் புதிய ஓட்டுப் படலத்தால் அடைக்கும். அந்தச் செலவில் சதை மெலியலாம். நஷ்டம் அவ்வளவுதான்.

மலையேறி வரும் சரக்கில் பார்க்க வேண்டியது வேறு. வாய் திறந்திருப்பதைத் தட்டுங்கள்; மூடாவிட்டால் செத்தது, எறியுங்கள். வெந்தபின் திறக்காததும் வேண்டாம். அரித்த ஓடு பொரபொரவென்று உதிரும். சதையை இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள், இல்லாவிட்டால் வறுவலில் பல்லில் நறநறக்கும்.