பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு ஒரு சான்றிதழா?

"கண்டிஷன் டேக் போடும் பட்டன் எந்த ரிப்பனில் இருக்கிறது? நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு."

டெக்னிக்கல் ரைட்டிங், அதாவது பயனர் கையேடுகள் எழுதும் வேலைக்கான மென்பொருளில் கரைகண்டவர் என்று ஒருவருக்கு முத்திரை குத்தும் தேர்வில் கேட்கிற கேள்வி இது! (கண்டிஷன் டேக் என்பது, இந்தப் பகுதி இன்ன வாசகருக்கு மட்டும் என்று குறிக்கும் அடையாளம்.) அடுத்த வெர்ஷனில் அதே பட்டனைத் தூக்கி வேறு ரிப்பனில் வைப்பார்கள். உருப்போட்ட விடை தப்பாகிவிடும், வாங்கிய சான்றிதழும் பழையதாகிவிடும். மறுபடி கட்டணம், மறுபடி மனப்பாடம். இதற்குப் பெயர் தொழில்முறைத் தகுதியாம்.

பட்டன் எங்கே என்று தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. தேடல் பெட்டியில் நாலு எழுத்துத் தட்டினால் வந்து நிற்கும். தட்டித் தேட முடியாத விஷயங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கேட்க ஏன் வாய் வரவில்லை? கையேட்டைத் துண்டு துண்டாக எழுதிக் கோக்கும் தரநிர்ணயமான டிட்டாவையே (DITA) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தி விண்டோஸ் நிர்வாகிகளுக்கு மட்டுமானது. எழுதியவர் அதர்ப்ராப்ஸ் என்ற ஒரே ஆட்ரிபியூட்டுக்குள், அதாவது பத்தியோடு ஒட்டிய ஒரே குறிப்புக்குள், 'நிர்வாகி', 'விண்டோஸ்' இரண்டையும் போட்டுவைக்கிறார். சாதாரணப் பயனருக்கான கையேட்டை பில்ட் பண்ணும்போது (வெளியீடாக உருவாக்கும்போது), எதை விலக்குவது என்று சொல்லும் டிட்டாவேல் ஃபைலில் 'நிர்வாகி'யை விலக்கச் சொல்கிறார். பத்தி போய்விடும் என்று நினைக்கிறீர்களா? போகாது. ஓர் ஆட்ரிபியூட்டில் உள்ள அத்தனை மதிப்பும் விலக்கப்பட்டால்தான் அது போகும். 'விண்டோஸ்' விலக்கப்படாததால் பத்தி அப்படியே நிற்கும். அதையே ஆடியன்ஸ் என்ற ஆட்ரிபியூட்டில் 'நிர்வாகி', பிளாட்ஃபார்ம் என்ற ஆட்ரிபியூட்டில் 'விண்டோஸ்' என்று பிரித்துப் போட்டிருந்தால், ஆடியன்ஸ் முழுவதும் விலக்கப்பட்டதுமே பத்தி காலியாகியிருக்கும். அப்படிப் பிரிக்காததால், நிர்வாகிக்கு மட்டுமான செட்டிங்ஸ் ஊரில் உள்ள எல்லோர் கையேட்டிலும் அச்சாகிப் போகும். பில்ட்டில் நடந்ததைப் பதியும் லாக்கில் ஒரு வரி எச்சரிக்கைகூட வராது. விதிப்படி எல்லாம் சரியாகத்தானே நடந்திருக்கிறது!

இதைக் கேட்டால் ஆளின் தரம் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்க மாட்டார்கள். டாபிக் எனப்படும் துண்டுகளை வரிசையாகக் கோக்கும் மேப்பில், ஒரே கீயை (ஃபைலையோ சொல்லையோ சுட்டும் பெயரை) இரண்டு இடத்தில் வரையறுத்தால் எது செல்லும் என்றும் கேட்க மாட்டார்கள். முதலில் வருவதுதான் செல்லும். கீழே இருப்பதைத் திருத்தித் திருத்திப் பார்த்து, வெளியீடு மாறவே இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்று, தமிழில் கையேடு போடுகிறவர்களின் தனித் தலைவலி. தயாரிப்பின் பெயரை வேரியபிளில் வை, ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்று எல்லாப் பாடத்திலும் ஓதுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். வேரியபிளுக்குள் 'கட்டுப்பாட்டு மையம்' என்று வைத்துவிட்டு அதற்குப் பின்னால் 'இல்' ஒட்டினால் என்ன வரும்? 'கட்டுப்பாட்டு மையம்இல்'. 'மையத்தில்' என்று திரிவதற்கு மென்பொருளுக்கு இலக்கணம் தெரியுமா? 'கட்டுப்பாட்டு மையம் என்ற பகுதியில்' என்று வாக்கியத்தையே வேரியபிளுக்கு ஏற்ப வளைத்து எழுத வேண்டும், இல்லையென்றால் வேற்றுமைக்கு ஒரு வேரியபிள் வைக்க வேண்டும். வாக்கியத்தின் நடுவில் கண்டிஷன் போட்டாலும் இதே கதிதான். இரண்டு சொல்லை ஒளித்தால் மிச்சம் எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம் தொங்கும். ஆகவே முழு வாக்கியத்துக்குக் குறையாமல் கண்டிஷன் போடாதே என்பது அனுபவசாலிகளின் முதல் விதி. கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை. பட்டன்தான் முக்கியம்!

சில சான்றிதழ்களில் செய்முறைத் தேர்வு உண்டு. ஒரு ப்ராஜெக்டைச் செய்து, ஜிப் பண்ணி அனுப்ப வேண்டும். உருப்படியான பகுதி அது ஒன்றுதான். அதைப் போய்க் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த வினா வங்கியை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள் தேர்வு எழுதுகிறவர்கள். அவர்கள் மீதும் கோபம் வராமல் எப்படி இருக்கும்? பிடிஎஃப் பார்க்க அழகாக வந்துவிட்டதாம், போதுமாம். திருத்துகிறவர் பிடிஎஃப்போடு நிற்க மாட்டார் ஐயா, சோர்ஸைத் திறப்பார். தலைப்பைக் கையால் தடிப்பாக்கி, எழுத்தளவைக் கையால் கூட்டியிருந்தால் டாபிக்கின் உள்ளே 'ஸ்டைல்' ஆட்ரிபியூட்டாகப் பல்லிளிக்கும். ஸ்டைல்ஷீட்டில் ஒரு இடத்தில் எழுத வேண்டியதை நாற்பது இடத்தில் தெளித்திருப்பது அப்பட்டமாகத் தெரியும். ஒருமுறை எழுதிப் பல இடத்தில் பயன்படுத்தும் ஸ்னிப்பெட்டாக வைக்க வேண்டிய எச்சரிக்கைப் பத்தியை நகலெடுத்து ஒட்டியிருப்பதும் தெரியும்.

அதைவிடக் கொடுமை, படங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும், லிங்க் சி டிரைவிலிருந்து தொடங்கும். சொந்தக் கணினியில் எல்லாம் தெரியும். அடுத்தவர் கணினியில் படத்துக்குப் பதில் வெறும் கட்டம். ஃபைல் பெயரை மென்பொருளுக்குள் மாற்றாமல் வெளியே ஃபோல்டரில் போய் மாற்றியவர்களுக்கு லிங்க்குகளும் அறுந்திருக்கும். ஜிப்பை அனுப்புவதற்கு முன்னால் ப்ராஜெக்டை அதே கணினியில் நகலெடுத்து வைத்துப் பார்த்தால் மட்டும் பிழை பிடிபடாது. பழைய லிங்க் அங்கேயும் வேலை செய்யும். வேறு கணினிக்குக் கொண்டுபோங்கள். அவுட்புட் ஃபோல்டரைக் காலிசெய்துவிட்டுப் புதிதாக பில்ட் போட்டு, லாக்கை வரி வரியாகப் படியுங்கள். பாதி மதிப்பெண் அந்த லாக்கில்தான் இருக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மூடுகிறவர்கள்தான் அதிகம்.

பழைய சிஎச்எம் உதவிக் கோப்பைப் பற்றிய கேள்விகள் வேறு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எப்படி உருவாக்குவது என்று கேட்பார்கள். இணையத்திலிருந்து இறக்கிய சிஎச்எம்மைத் திறந்தால் இடப்பக்கம் பொருளடக்கம் வருகிறது, வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, ஏன்? விண்டோஸின் பாதுகாப்புத் தடை. ப்ராப்பர்ட்டீஸில் போய் 'அன்பிளாக்' போட்டால் வரும். வாடிக்கையாளர் கேட்கப்போவது இதை. தேர்வு கேட்காது.

சான்றிதழுக்கு ஆயுள் வைக்கிறார்களே, அதற்கு என்ன நியாயம்? டிட்டா 1.0 வந்தது 2005இல். 1.1 2007இல், கீகள் சேர்ந்த 1.2 2010இல், ஒரே கீக்குப் பகுதிக்கொரு பொருள் வைக்க உதவும் கீஸ்கோப் சேர்ந்த 1.3 2015இல். 2005இல் எழுதிய டாபிக் 1.3இலும் செல்லும். தரநிர்ணயமே இவ்வளவு பொறுமையாக நகரும்போது, கருவியின் ஐகான் நிறம் மாறியதற்கெல்லாம் மறுதேர்வு எழுது என்றால் அது திறமையைச் சோதிப்பதா, சந்தா வசூலிப்பதா? பயிற்சி எடுக்கலாம் என்று பார்த்தால் 30 நாள் சோதனை உரிமம். இரண்டு பேஜ் லேஅவுட், ஒரு ஸ்டைல்ஷீட், அத்தியாய எண் ஒவ்வொரு அத்தியாயத்திலும் 1இலிருந்து தொடங்காமல் ஒழுங்காக ஓடும்படி கவுண்டர்களைச் சரிசெய்வது, இதற்கே அந்த நாட்கள் கரைந்துவிடும். மிச்சத்தைக் கற்க உரிமம் வாங்க வேண்டும். உரிமம் வாங்கித் தர ஒரு வேலை வேண்டும். அந்த வேலைக்கான விளம்பரத்தில் முதல் வரியிலேயே கேட்டிருப்பார்கள், சான்றிதழ் இருக்கிறதா என்று.