ஷாஃப்ட் நேராக நிற்பது மட்டும் அலைன்மென்ட் ஆகாது

"ஜீப்பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சக்தியை ஆக்சிலுக்குக் கடத்தும் தண்டு) கோணமே இல்லாமல் நேராக நின்றால்தான் அலைன்மென்ட் சரி" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. தயவுசெய்து யாரும் அதை நம்பி ஆக்சிலின் சாய்வை மாற்ற ஆப்புத் துண்டு செருகிவிடாதீர்கள். ஷாஃப்டின் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் (மடங்கியபடியே சுழலும் இணைப்பு) சிறிதாவது மடங்கி இயங்க வேண்டும். 1 முதல் 3 டிகிரி நல்லது. மடங்காவிட்டால் உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து ஜீப் ஒன்றில் ஜாயின்டைக் கழற்றிப் பார்த்தேன்: ஜாயின்டின் நடுவில் இருக்கும் சிலுவைத் தண்டில் நகம் தடுக்கும் அளவுக்கு வரிவரியாகப் பள்ளம்.

பார்க்க வேண்டியது, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பல்சக்கரப் பெட்டி) பக்கக் கோணமும் ஆக்சில் பக்கக் கோணமும் சமமா, ஷாஃப்டின் இரு யோக்குகளும் (ஜாயின்டைப் பிடிக்கும் கவை முனைகள்) ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதைத்தான். வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே அளக்க வேண்டும். வண்டியின் சேசிஸ் சட்டத்தை ஜாக்கியில் தூக்கினால் ஆக்சில் தொங்கி, அளவு மாறிவிடும். ஒரே முனையில் இரண்டு ஜாயின்டுகளைச் சேர்த்துப் பொருத்திய ஷாஃப்டுக்குக் கணக்கு வேறு.