கும்ரானை விட்டுவிட்டீர்களே!

மீட்புக்கு யூதர்கள் மனித முயற்சியை நம்பினார்கள், கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல்தான் இறையருளை முன்னிறுத்தினார் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அவ்வளவு எளிதா? யூதப் பிரிவினர்களில் சதுசேயர் விதியை மறுத்தனர், எசேனியர் எல்லாமே விதி என்றனர், பரிசேயர் இடையில் நின்றனர் என்று முதல் நூற்றாண்டிலேயே யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார் (கிரேக்க வாசகர்களுக்காகக் கொஞ்சம் மெருகேற்றியும் இருப்பார்). சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சமூக ஒழுங்குச் சுருள் (ஒரு பழைய யூதக் குழுவின் விதிநூல்) இன்னும் சுவையானது. மனிதர் உருவாகும் முன்பே அவர்கள் வழியை இறைவன் வகுத்துவிட்டான் என்கிறது. அதே சுருள் தாமாக முன்வந்து சேருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது, கூட்டத்தில் தூங்கினால் 30 நாள் தண்டனையும் விதிக்கிறது! பவுலும் பிலிப்பியருக்கு எழுதிய மடலில் (2:12-13), மீட்புக்காக நீங்கள் உழையுங்கள் என்ற கையோடு, உங்களுக்குள் செயலாற்றுபவர் கடவுளே என்கிறார். இதில் அவர் யூத மரபைவிட்டு எங்கே விலகினார்? கட்டுரையாளர் விளக்கட்டும்.