பலெர்மோ: பொற்காலக் கதையும் இன்றைய மனிதர்களும்

இத்தாலிக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்நகரைப் பற்றி வழிகாட்டிகள் ஆசையோடு சொல்லும் கதை ஒன்றை அப்படியே ஏற்றுக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரபியரும் கிரேக்கரும் லத்தீன் கிறித்தவர்களும் யூதர்களும் 12-ஆம் நூற்றாண்டில், வட பிரான்சிலிருந்து வந்த நார்மன் மன்னர்களின் நிழலில் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்பதே அந்தப் பொற்காலக் கதை. அது பொய்யில்லை, ஆனால் பாதியிலேயே நிறுத்தப்பட்ட கதை.

அக்காவும் நானும் ரோமிலிருந்து இரவு ரயிலில் சென்றோம். விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் தொலைவுக்கு ஓர் இரவு முழுவதும் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இத்தாலியின் கால்விரலில் இருக்கும் வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்தின் மேலேயே தள்ளி, மெஸ்ஸினா நீரிணையைக் கடந்தபின் மறுகரையில் மீண்டும் கோத்து ஓட்டுகிறார்கள். நீரிணையின் மிகக் குறுகிய இடம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான் என்றாலும், பெட்டிகளை ஏற்றி இறக்குவதற்கே நெடுநேரம் ஆகிறது. பெட்டியிலிருந்து இறங்கிப் படியேறிக் கப்பலின் மேல்தளத்தில் நின்றால், இருட்டில் இரு கரைகளின் விளக்குகளும் ஒருசேரத் தெரிகின்றன. ஒரு தீவுக்குப் போகிறோம் என்ற உணர்வை விமானம் தருவதில்லை. இங்கே பாலம் கட்டுவதைப் பற்றிப் பல தலைமுறைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கட்டி முடிப்பதற்குள் ஒருமுறை இப்படிப் போய்வந்துவிடுங்கள்.

விமானத்தில் செல்பவர்கள் வந்திறங்கும் நிலையத்துக்கு ஃபால்கோனே, போர்செல்லினோ என்ற இரு நீதித்துறை நடுவர்களின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மாஃபியாக் குற்றங்களை விசாரித்துவந்த ஜொவான்னி ஃபால்கோனே, 1992 மே 23 அன்று அந்த விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலையில், கபாச்சி என்னும் ஊரருகே, சாலைக்கடியில் வைத்த வெடியால் மனைவியோடும் மூன்று காவலர்களோடும் கொல்லப்பட்டார். அவருடைய தோழர் பவுலோ போர்செல்லினோ அதே ஆண்டு ஜூலை 19 அன்று, தம் தாயின் வீட்டு வாசலில் ஐந்து காவலர்களோடு கொல்லப்பட்டார். இவ்வளவும் நடந்த நகரின் முக்கியக் கடைத்தெருவில், மாஃபியாத் தலைவனின் உருவம் பொறித்த காந்தத் தகடுகளும் பனியன்களும் விளையாட்டுப் பொருள்களாகத் தொங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. வாங்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, பொற்காலக் கதைக்கு வருகிறேன். அதன் சான்றுகள் கண்ணைப் பறிப்பவை. 831-இல் அரபியர் கைப்பற்றிய இந்நகரை 1072-இல் நார்மன் படை வென்றது. வென்றவர்கள், தோற்றவர்களின் கைத்திறனை வேண்டாமென்று தள்ளவில்லை. இரண்டாம் ரோஜர் மன்னர் தம் அரண்மனைக்குள் கட்டுவித்து 1140-இல் அர்ப்பணிக்கப்பட்ட சிற்றாலயத்தில், சுவர்களிலும் குவிமாடத்திலும் பைசாந்தியப் (கிழக்கு ரோமப் பேரரசின்) பாணி மொசைக் ஓவியங்கள் பொன்னொளி வீசுகின்றன. அண்ணாந்து பார்த்தால், தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கிய மரவிதானம். அதில் இசைக்கலைஞர்கள், மது அருந்துவோர், வேட்டைக்காரர்கள் எனச் சிறுசிறு ஓவியங்கள், அவற்றைச் சுற்றி அரபு எழுத்துகள். கிறித்தவ மன்னனின் வழிபாட்டிடத்துக்கு இஸ்லாமியக் கலைமரபில் ஒரு கூரை! அக்கா மொசைக் ஓவியங்களை விட்டுவிட்டு அந்தக் கூரையையே கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் செதுக்கியவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று அவள் கேட்ட கேள்விதான் எங்கள் பயணத்தின் போக்கையே மாற்றியது.

அந்தக் கேள்விக்கு விடை மகிழ்ச்சியானதாக இல்லை. ரோஜர் இறந்த சில ஆண்டுகளிலேயே, 1161-இல் நடந்த கலகத்தின்போது பலெர்மோவின் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். ரோஜரின் பேரனும் கலைகளின் புரவலர் என்று புகழப்படுபவருமான இரண்டாம் ஃபிரடெரிக் பேரரசர், 1220-களில் தொடங்கி, சிசிலியின் முஸ்லிம்களைக் கூட்டங்கூட்டமாகத் தென் இத்தாலியின் லுச்சேரா நகருக்குக் குடிபெயர்த்தார். அந்தக் குடியிருப்பும் 1300-இல் அழிக்கப்பட்டு, அங்கிருந்தவர்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். யூதர்களுக்கான முறை 1492-இல் வந்தது; ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்த இத்தீவுக்கும் ஸ்பானிய அரசாணை பொருந்தியதால் அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். ஜீசா அரண்மனை அருங்காட்சியகத்தில் 1149-ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. அன்னா என்ற தாய்க்காக அவருடைய பாதிரியார் மகன் வைத்த அந்தக் கல்லில், லத்தீனிலும் கிரேக்கத்திலும் அரபியிலும் எபிரேய எழுத்தில் அமைந்த அரபியிலும் ஒரே செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நான்கு பத்திகளையும் படிக்கக்கூடியவர்கள் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்று. 350 ஆண்டுகளுக்குள் அவர்களில் இரு சாராருக்கு அந்த ஊரில் இடமில்லாமல் போனது என்பதையும் அந்தக் கல்லருகே நின்று நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எனவே, பலெர்மோவின் பெருமையை 12-ஆம் நூற்றாண்டிலேயே தேடுவது போதாது என்றே நினைக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு இடம் கொடுப்பது ஒரு நகரத்துக்குப் பரம்பரைச் சொத்தாக வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு காலத்திலும் யாராவது அதைச் செய்தாக வேண்டியிருக்கிறது, செய்யாமலும் விட்டுவிடுகிறார்கள். ரோஜரின் கடற்படைத் தலைவரான அந்தியோக்கியா ஜார்ஜ் கட்டிய மார்த்தொரானா தேவாலயத்தில் இன்று பைசாந்திய முறையில் வழிபாடு நடத்துபவர்கள், 15-ஆம் நூற்றாண்டில் துருக்கியருக்கு அஞ்சி வந்து சேர்ந்த அல்பேனியர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கு இடம் கிடைத்தது, யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டும் ஒரே நூற்றாண்டில், ஒரே தீவில் நடந்தவை.

இப்போது வந்திருப்பவர்களைப் பார்க்க விரும்பினால், பல்லாரோ சந்தைக்குக் காலையிலேயே செல்லுங்கள். கடலை மாவைக் கிளறிப் பரப்பி, வெட்டி, எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். சைவம் சாப்பிடும் அக்காவுக்கு நகரம் முழுவதும் அதுவே துணையாக இருந்தது. அந்தச் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளதேசத்தவரும் ஆப்பிரிக்கரும் கடை வைத்திருக்கிறார்கள். தமிழும் காதில் விழுகிறது. இலங்கையில் போர் மூண்ட 1980-களிலிருந்து இங்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள், பெரும்பாலும் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து இந்நகரில் வேரூன்றியிருக்கிறார்கள்.

அவர்களைச் சந்திக்க நாங்கள் மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்குச் சென்றோம். 600 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் குகைக்குள் சாந்தா ரொசாலியா என்ற கிறித்தவப் புனிதரின் திருத்தலம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் துறவு பூண்டு அங்கே வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெண்ணின் எலும்புகள் 1624-இல், கொள்ளைநோய் நகரை வாட்டியபோது கண்டெடுக்கப்பட்டன. மறு ஆண்டு அவற்றை ஊர்வலமாக எடுத்துவந்தபின் நோய் தணிந்தது என்பது மக்களின் நம்பிக்கை. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரை உலோகத் தகடுகள் தாங்கி வழிமாற்றுகின்றன; அந்த நீரையும் புனிதமாகக் கருதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஏறிவருபவர்களில் தமிழ் இந்துக் குடும்பங்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் நெற்றியில் திருநீற்றோடு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா பேச்சுக் கொடுத்தபோது, "ஊரிலை மடு மாதாவிட்டயும் போறனாங்கள்தானே பிள்ளை, இஞ்ச இவவிட்ட வாறம்" என்றார், இலங்கையின் மடு மாதா திருத்தலத்தை நினைத்து. வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் போய்வரும் அக்காவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அம்மா, தாம் பார்த்துக்கொள்ளும் இத்தாலியப் பாட்டியின் பெயரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். பாட்டியால் இனி மலையேற முடியாதாம்.

அரண்மனை ஆலயத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவர்களில் மிகச் சிலரே இந்த மலைக்கு வருகிறார்கள். நகரப் பேருந்து மேலேவரை செல்கிறது. கால் வலுவுள்ளவர்கள் அடிவாரத்திலிருந்து பழைய கல்பாவிய பாதையில் ஏறலாம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அணிந்து செல்லுங்கள். ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் வணக்கம் சொன்னால் பேச ஆள் இருக்கிறார்கள். அரண்மனை ஆலயத்தைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் அதற்கு ஒரு காலை ஒதுக்கினால் இந்த மலைக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள்.