சிவப்புக் கோடு விழாத பக்கம்

மூர் மார்க்கெட் எரிஞ்ச பிறகு பழைய புத்தகக் கடைங்க அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்குப் போச்சு இல்லையா, அங்க 2009-ல 80 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினது. பிரெட் புரூக்ஸோட 'தி மித்திக்கல் மேன்-மந்த்', சாஃப்ட்வேர் ப்ராஜெக்டை எப்படி நடத்தறதுன்னு பேசற புத்தகம். முதல்ல வந்தது 1975-ல. என்கிட்ட இருக்கறது 1995 பதிப்பு. போன வாரம் தண்டையார்பேட்டை வீட்டுப் பரண்ல இருந்து இறங்குச்சு.

வாங்கினப்ப நான் சாதாரண புரோகிராமர். மேனேஜர் மேல இருந்த கடுப்பையெல்லாம் சிவப்பு பேனாவால இதுல இழுத்து வச்சிருக்கேன். லேட்டான ப்ராஜெக்ட்ல ஆளைச் சேர்த்தா இன்னும் லேட்டாகும்னு புரூக்ஸ் சொல்ற இடத்துல ரெண்டு கோடு, ஓரத்துல அந்த மேனேஜரோட இனிஷியல் வேற!

ஐபிஎம்ல ஓஎஸ்/360-ங்கற பெரிய கம்ப்யூட்டர்களுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையைக் கட்டி மேய்ச்சவர் புரூக்ஸ். அஞ்சு பேர் இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க 10 ஜோடி, பத்து பேர் ஆனா 45 ஜோடி. காசிமேட்டுல கிழிஞ்ச வலையைப் பரப்பிப் போட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்து பின்னுவாங்க. இன்னும் நாலு பேர் வந்தாலும் நல்லதுதான், ஒருத்தர் போடற முடிச்சுக்கு அடுத்தவரைக் கேக்க வேண்டியதில்ல. எங்க வேலை அப்படியா? புதுசா வந்தவனுக்குச் சொல்லிக் குடுக்கறதுலயே பழைய ஆளோட பாதி நாள் போயிடும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த தடவை திக்குன்னு ஆனது வேற பக்கத்துல. மொத்த நேரத்துல மூணுல ஒரு பங்கு திட்டமிட, ஆறுல ஒரு பங்கு கோடிங், மீதி பாதியும் டெஸ்டிங்குக்குன்னு கணக்கு போட்டிருக்கார். அந்தப் பக்கத்துல ஒரு கோடு கூட இல்ல. ஒரு டீக்கறை மட்டும். அப்ப டெஸ்டிங் எனக்கும் இளக்காரம்தான் போல.

இப்ப நான்தான் மேனேஜர். மார்ச்ல கிளையண்ட் தேதியைப் புடிச்சு நின்னதும், எக்செல்ல நாலு வாரம்னு இருந்த டெஸ்டிங்கை ஒன்பது நாளாக்கினது இதே கைதான். யாரும் என்னை மிரட்டல. ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு போன்: "அக்கா, பில்லுல ஜிஎஸ்டி ரெண்டு தடவை ஏறுது." மூணு பசங்க விடியற வரைக்கும் உக்காந்தாங்க.

பழைய புத்தகம்தானேன்னு கேப்பீங்க. சில இடம் சிரிப்புதான். ஒரு டீமுக்கு ரெண்டு செக்ரட்டரி போடச் சொல்றார், எங்க ஆபீஸ்ல ஸ்டேப்ளருக்கே மெயில் போடணும். ஆனா ஒரு மாட்யூலோட, அதாவது புரோகிராமோட ஒரு தனிப் பகுதியோட, உள்விவரத்தை மத்தவங்க கண்ணுல படாம வைக்கணும்னு டேவிட் பார்னாஸ்ங்கற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் சொன்னதை முதல்ல ஏத்துக்காதவர், 20 வருஷம் கழிச்சு அவர் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்புன்னு அச்சுலயே எழுதியிருக்கார். நான் இன்னும் அந்த மூணு பசங்ககிட்ட மார்ச் மேட்டரை வாய் திறந்து சொல்லல.

கூடவே 1987-ல வந்த 'பீப்பிள்வேரை'யும் எடுத்தேன், அது சாஃப்ட்வேர் டீம்ல இருக்கற மனுஷங்களைப் பத்தின புத்தகம். வேலைக்கு அமைதியான இடம் வேணுமாம். பின்னாடி கூட்ஸ் வண்டி ஊதிட்டுப் போச்சு, மூடி வச்சுட்டேன்.

அந்த மூணு பேர்ல ஒருத்தன் புரூக்ஸ் புத்தகத்தைப் படிச்சுட்டு தரேன்னு கேட்டிருக்கான். குடுக்கலாம்தான். எந்தக் கலர் பேனா வச்சிருக்கான்னுதான் தெரியல.